வாழைப்பழத்தில் ஏறிய ஊசி

என் கையால் ஊசி போட்டுக்கொண்டால் வலிக்காது என்று தூத்துக்குடியில் எனக்கு ஒரு பேர் உண்டு. இதை நானாகச் சொல்லவில்லை. கடற்கரைச் சாலையில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். புதுக்கோட்டையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். டாக்டர் சிவசுப்பிரமணியன் ஐயா எதிரிலேயே நின்றாலும், "ஊசிய மட்டும் ஜேசுபாதம் கம்பவுண்டர் கையால போட்டுக்கிடுதோம்" என்பார்கள். டாக்டருக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல்தான். மதராசில் ஐந்து வருஷம் படித்தவருக்கு இருக்காதா.

நீங்கள் திருநெல்வேலியிலிருந்து விசாரணைக்கென்றே வந்து, காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறீர்கள். எதையும் மறைக்கப் போவதில்லை, ஐயா. அந்தப் பேனாவை மட்டும் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டால் எனக்குப் பேச வசதியாக இருக்கும்.

நான் நாசரேத்துக்காரன். அப்பா உபதேசியார். மிஷன் பள்ளியில் படித்து, கம்பவுண்டர் பரீட்சையில் முதல் தடவையே தேறினேன். முப்பத்தேழாம் வருஷம் டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்த அன்று, அவர் ஒரு நாட்டு வாழைப்பழத்தை மேஜைமேல் வைத்து, சிரிஞ்சில் தண்ணீரை ஏற்றி என் கையில் கொடுத்தார்.

"போடும் பாப்போம்" என்றார்.

போட்டேன். தோல் கிழியவில்லை. ஒரு சொட்டு வெளியே வரவில்லை. டாக்டர் பழத்தை உரித்துப் பார்த்துவிட்டு அப்படியே என்னைப் பார்த்தார்.

"இம்புட்டுத்தான்வே ஊசி. மனுசனுக்கும் இப்படித்தான், வாழப்பழத்துல ஊசி ஏத்துனாப்புல இருக்கணும்" என்றார்.

அந்தச் சொல்லை நான் மறக்கவே இல்லை. பதினோரு வருஷமும் அதன்படிதான் நடந்திருக்கிறேன். இன்றைக்கு அவர் அதை வேறு அர்த்தத்தில் சொன்னதாகச் சொல்கிறார். சொல்கிறவர்கள் சொல்லும்போதே தெளிவாகச் சொல்ல வேண்டும்.

மறுநாள் உப்பளத்து வேலைக்காரர் ஒருவர் வந்தார். சதை ஊசி. நரம்பில் போடுகிறதை டாக்டரே பார்த்துக்கொள்வார், சதையில் போடுகிறது என் பொறுப்பு. அந்த மனிதர் சட்டையைச் சுருட்டிவிட்டுக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஊசியை அருகே கொண்டு போனேன். அதன் முனையில் ஒரு துளி நின்றது. அவர் முகத்தில் பயம் இருந்ததை நான் கவனித்தேன். அவர் வெளியே காட்டிக்கொள்ளவில்லை, கொட்டாவி விட்டார். ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு இளகிய மனசு. அன்றைக்கு வெக்கை வேறு அதிகம். தரை குளுமையாக இருந்ததால் அதில் சற்று நேரம் படுத்துக்கொண்டேன். எழுந்தபோது அந்த மனிதர் என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

இப்படி ஒவ்வொருவரும் பயந்தால் வைத்தியம் எப்படி நடக்கும் என்று அன்று இரவு முழுக்க யோசித்தேன். அதிலிருந்து பிறந்ததுதான் என்னுடைய முறை.

ஊசி போடுகிற அறையின் ஜன்னல் கடலைப் பார்த்தது. வருகிறவரை ஜன்னல் பக்கம் திருப்பி நிறுத்துவேன். "துறைமுகத்துல எத்தனை தோணி நிக்கி, எண்ணிச் சொல்லுங்க" என்பேன். அவர் எண்ணத் தொடங்குவார். நான் இடது கையால் சதையைப் பிடிப்பேன். மருந்துப் பொட்டலம் மடிக்கிறவர்களுக்குப் பெருவிரல் நகமும் ஆள்காட்டி விரல் நகமும் கொஞ்சம் நீளமாக இருக்கும், காகிதம் ஒழுங்காக மடிய வேண்டுமே. எனக்கும் அப்படித்தான். அவர் ஏழாவது தோணிக்கு வரும்போது சுருக்கென்று ஒன்று இருக்கும். உடனே ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை வைத்துத் தேய்த்துவிடுவேன். "முடிஞ்சிட்டா" என்று கேட்பார். "முடிஞ்சிட்டு" என்பேன்.

நான் பொய் சொன்னதே இல்லை என்பதை இந்த இடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அது முடிந்துதான் இருந்தது.

மருந்து எங்கே போயிற்று என்று நீங்கள் கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு முருங்கை நின்றது. கால்சியம், வைட்டமின், கல்லீரல் சத்து எல்லாம் அதற்குப் போயிற்று. ஒரே வருஷத்தில் கூரைக்கு மேல் போய்விட்டது. அப்படி ஒரு காய்ப்பை இந்த வட்டாரத்தில் யாரும் பார்த்ததில்லை. காயை நோயாளிகளுக்கே இலவசமாகக் கொடுத்துவிடுவேன். ஆக, மருந்து சுற்றி வளைத்து அவர்களிடம்தான் போய்ச் சேர்ந்தது. அவர்களும் குணமானார்கள். தெம்பில்லை என்று வருகிறவர் ஒரு வாரம் வீட்டில் படுத்து முருங்கைக்காய்க் குழம்பு சாப்பிட்டால் தெம்பு வரத்தானே செய்யும்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பெனிசிலின் வந்து கெடுத்துவிட்டது.

போன வருஷம் சுதந்திரம் வந்தது, இந்த வருஷம் பெனிசிலின் வந்தது. டாக்டருக்கு ஆறு குப்பி கிடைத்திருந்தது. அவற்றை வீட்டு அலமாரியில் டாக்டரம்மாவின் நகைப்பெட்டிக்குள் வைத்திருந்தார். அம்மா ஒரு அட்டிகையை எடுத்து வெளியே வைத்துத்தான் அதற்கு இடம் பண்ணினார்கள். "உசிர் போற நோவுக்குத்தான் இத எடுப்பேன்" என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்த நோவு பாஸ்கலுக்கு வந்தது.

பாஸ்கல் சங்கு குளிக்கிறவர். எட்டுப் பாகம், ஐம்பது அடிக்குக் கிட்டே, மூச்சடக்கிப் போய் வருகிற ஆள். திருக்கை மீன் வாலால் அடித்து, முள் வலது கெண்டைக்காலில் ஏறிவிட்டது. வீட்டில் மஞ்சளை அரைத்துப் பூசிக்கொண்டு நாலு நாள் கிடந்திருக்கிறார். அவருடைய மனைவி பிலோமினா மாட்டுவண்டியில் கொண்டுவந்தபோது கால் பனந்தடி மாதிரி வீங்கியிருந்தது. தொடைவரை சிவப்பாக ஒரு கோடு ஏறியிருந்தது. காய்ச்சல் நூற்றுமூன்று.

டாக்டர் பார்த்ததும் நேரே வீட்டுக்குப் போய் நகைப்பெட்டியை எடுத்து வந்தார். இதற்கு முன் எந்த ஊசிக்காவது உடம்பு தடித்ததா, மூச்சு முட்டியதா என்று பாஸ்கலிடம் கேட்டார். இல்லை என்றதும் என்னை அழைத்து, ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"சிரிஞ்சையும் ஊசியையும் ஒவ்வொரு தடவையும் கொதிக்க வச்சு எடுக்கணும். குப்பியோட ரப்பர் மூடிய ஸ்பிரிட் போட்டுத் துடைக்கணும். கொதிச்சு ஆறுன சுத்தத் தண்ணியிலதான் கரைக்கணும், கரைச்ச மருந்து ஐஸ்லயே இருக்கணும். மூணு மணிக்கொரு தடவை, ராவும் பகலும். ஒண்ணு தப்புனா கிருமி தலையெடுத்துரும். ஒரு தடவை வலப்பக்கம், மறு தடவை இடப்பக்கம். வாய் வழியாக் குடுத்தா வயித்துப் புளிப்பே மருந்தத் தின்னுரும், சதையிலதான் ஏறணும். கேட்டீராவே, சதையில."

"சரி, ஐயா" என்றேன்.

அவர் சொன்னதில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நான் அணுப்பிசகாமல் செய்தேன். ஐஸ் பாக்டரிக்கு நானே போய்ப் பனிக்கட்டி வாங்கி, மரத்தூளில் பொதிந்து வைத்தேன். கொதிக்க வைத்த சிரிஞ்சை, கூடவே கொதித்த இடுக்கியால் அல்லாமல் தொடவில்லை. மூன்று மணி என்றால் மூன்று மணி, கோயில் மணிகூட எனக்குப் பின்னால்தான் அடித்தது. மூன்று நாளும் நான் சரியாகத் தூங்கவில்லை. இவ்வளவையும் விட்டுவிட்டு எல்லோரும் அந்த ஒன்றையே பிடித்துக்கொண்டு பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

முதல் ஊசிக்குப் பாஸ்கல் குப்புறப் படுத்துக்கொண்டார்.

"போடும்யா. எங்கன வேணும்னாலும் குத்தும்" என்றார்.

அது வெறும் வாய்ச்சவடால். காதுமடல் இரண்டும் சிவந்திருந்தன. காய்ச்சலினால் என்று டாக்டர் சொல்லக்கூடும். பயத்தில்தான் அப்படிச் சிவக்கும். கடலுக்கடியில் சுறாவைப் பார்த்த ஆளே இந்த ஊசிக்கு இப்படிப் பயப்படுகிறாரே என்று எனக்குப் பாவமாகப் போய்விட்டது. தோணி எண்ணச் சொன்னேன். குப்புறப் படுத்தபடி எப்படி எண்ணுவது என்று கேட்டார். அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு தெரிந்த தோணிகளின் பெயரைச் சொல்லுங்கள் என்றேன். சொன்னார். ஏழாவது பெயரில் வழக்கம்போல் முடித்துவிட்டேன்.

இப்போது கையில் பெனிசிலின் இருந்தது. ஜன்னல் திறந்துதான் இருந்தது, முருங்கையும் நின்றது. ஆனால் மனம் வரவில்லை. நகைப்பெட்டியில் இருந்த மருந்தை மரத்துக்கு ஊற்ற எனக்கு மனம் வரவில்லை, ஐயா. அந்த அளவுக்கு நான் மோசமானவன் இல்லை.

பிலோமினா கொண்டுவந்த பழச்சீப்பு பக்கத்தில் இருந்தது.

டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. பழத்தின் அடிப்பக்கத்தில், காம்புக்கு எதிர் முனையில், மெதுவாக ஏற்றினேன். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. பதினோரு வருஷம் ஆகியும் கை பழக்கம் விடவில்லை. உரித்துப் பாஸ்கலிடம் கொடுத்தேன். வாய் வழியாகக் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது உண்மைதான். அது வெறும் மருந்தைப் பற்றிச் சொன்னது. வாழைப்பழத்தோடு கொடுப்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சதையில் ஏற்ற வேண்டும் என்றார். வாழைப்பழத்துக்கும் சதை உண்டு.

எந்தப் பழம் ஏற்றது என்பதிலும் நான் மெனக்கெட்டேன். செவ்வாழைக்குத் தோல் தடிப்பு. கதலி சிறிசு, மருந்து முழுவதும் அடங்காது. கடைசியில் ஆத்தூரிலிருந்து வருகிற நாட்டுப்பழம்தான் சரிப்பட்டது. அதிகம் பழுக்காமல் பார்த்து வாங்கினேன், கனிந்துவிட்டால் ஒழுகும்.

"பழம் கசக்குய்யா. கடைக்காரன் ஏமாத்திட்டான் போல" என்றார் பாஸ்கல்.

அடுத்த தடவையிலிருந்து கருப்பட்டித் தூளில் புரட்டிக் கொடுத்தேன். இந்தக் கரிசனத்தை எந்த ஆஸ்பத்திரியில் பார்க்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. பிலோமினா கண்கலங்கினார். "ஒடம்பொறந்தான்கூட இப்படிப் பாக்க மாட்டான், கம்பவுண்டரய்யா" என்றார்.

இரண்டாம் நாள் காய்ச்சல் நூற்றுநான்கு. சிவப்புக் கோடு இடுப்புக்குக் கிட்டே வந்துவிட்டது. டாக்டர் ஊசி நேரம் குறிக்கிற அட்டையைப் பார்த்தார். மூன்று மணிக்கொரு தடவை என் கையெழுத்து முத்துமுத்தாக இருந்தது.

"போட்டீராவே?"

"ஒரு வேளைகூடத் தப்பல, ஐயா."

"பின்ன ஏன் கேக்க மாட்டேங்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பாஸ்கல் படுத்தபடியே, "காலுதான் கேக்கல டாக்டரய்யா, வயிறு நல்லாக் கேட்டுட்டு. ராத்திரி மட்டும் ஆறு தடவ" என்றார். ஒரு நாளைக்கு எட்டுப் பழம் என்றால் இருக்கத்தானே செய்யும்.

மூன்றாம் நாள் மாலையில் பாஸ்கலுக்கு நினைவு தடுமாறத் தொடங்கியது. டாக்டர் பிலோமினாவை வெளியே அழைத்துப் போய்ச் சொன்னார். காலை முட்டுக்கு மேலே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உயிர் நிற்காது என்றார். பிலோமினா சத்தம் போட்டு அழவில்லை. "கால் இல்லாம எப்படிச் சங்கு குளிப்பாவ?" என்று மட்டும் கேட்டார். எனக்கும் கேட்டது. மறுநாள் காலைக்கு ரம்பத்தைத் துடைத்துக் கொதிக்க வைக்கும்படி டாக்டர் சொன்னார். இருபது நிமிஷம் கொதிக்க வைத்தேன். அதிலும் ஒரு குறை சொல்ல முடியாது.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள். இன்னும் இருக்கிறது.

காலையில் ஆபரேஷனுக்கு முன்னால் பிலோமினா வெந்நீர்த் துணியால் கணவரின் உடம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கட்டுத்துணி மடித்துக்கொண்டிருந்தேன். டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"இது என்னய்யா, இடுப்புக்குக் கீழ நண்டு கடிச்ச தடமால்லா இருக்கு" என்றார் பிலோமினா. "இங்கன ஒண்ணு, அங்கன ஒண்ணு. பெட்டுல நண்டு கெடக்கா?"

டாக்டர் ஈரக் கையோடு வந்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து எண்ணினார். வலப்பக்கம் பன்னிரண்டு, இடப்பக்கம் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் இரண்டு சின்னப் பிறை, ஒன்றையொன்று பார்த்தபடி. இவ்வளவு வரிசையாக வைத்திருக்கிறோமே என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. ஊசித் துளை ஒன்றுகூட இல்லை.

"ஜேசுபாதம், கைய நீட்டும்."

வலது கையை நீட்டினேன்.

"அந்தக் கை இல்ல."

இடது கையை நீட்டினேன். பெருவிரல் நகத்தையும் ஆள்காட்டி விரல் நகத்தையும் பார்த்தார். பிறகு மேஜைமேல் இருந்த பழத்தைப் பார்த்தார், காலை ஆறு மணி வேளைக்கு ஏற்றி வைத்தது. எடுத்து லேசாக அமுக்கினார். அடியிலிருந்து ஒரு சொட்டு வந்தது. பக்கத்துக் கிண்ணத்தில் இருந்த தூளை விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார்.

"கருப்பட்டி வேற தொட்டுக் குடுத்தீரா?"

"கசக்குன்னு சொன்னாரு, ஐயா."

டாக்டர் என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். ரம்பத்தை எடுத்து ஒரு பக்கம் வைத்துவிட்டு, "இன்னைக்கு ஒரு நாள் பொறுப்போம்" என்று பிலோமினாவிடம் சொன்னார். ஆறாவது குப்பியை எடுத்துத் தாமே கரைத்தார். ஊசி உள்ளே போனபோது பாஸ்கல் முனகக்கூட இல்லை. அந்த அறையிலும் தரை நல்ல குளுமை. அதை நான் அறிவேன், அந்த நேரத்தில் அதன்மேல்தான் இருந்தேன்.

மதுரைக்குத் தந்தி கொடுத்து, மறுநாள் ரயிலில் இன்னும் குப்பிகள் வந்தன. டாக்டர் வீட்டுக்குப் போகாமல் மூன்று மணிக்கொரு தடவை தாமே போட்டார். முப்பது மணி நேரத்தில் காய்ச்சல் நூற்றொன்றுக்கு இறங்கியது. சிவப்புக் கோடு தொடைக்குப் பின்வாங்கியது. சீழை வடித்துக் கட்டினார்கள். காய்ச்சல் விட்ட பிறகும் நிறுத்தாமல் ஏழு நாள் முழுக்கப் போட்டார், பாதியில் விட்டால் கிருமி திரும்பும் என்று. கால் தப்பியது. நடக்கும்போது கொஞ்சம் இழுக்கிறது. இந்த வருஷத்துச் சங்குக் குளிப்புக்குப் போக முடியாது. அடுத்த வருஷம் போகலாம் என்கிறார்கள். வாழைப்பழத்தைக் கண்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாராம்.

நான் வேலையை விட்டுப் போகிற அன்று பாஸ்கலைப் பார்த்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன்.

"ஏன்யா, உமக்குப் பயம்னா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா. ஊசிய என் கையில தந்தா நானே குத்திக்கிட்டிருப்பேனே" என்றார்.

எவ்வளவு தப்பாக என்னைப் புரிந்துகொண்டிருக்கிறார் பாருங்கள். அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது. அவருக்காகத்தான் அழுதேன். ஏழு நாளில் ஐம்பத்தாறு தடவை டாக்டர் அவரைக் குத்தியிருக்கிறார், ஒரு மனிதர் அதையெல்லாம் தாங்கியிருக்கிறாரே என்று.

இதற்கு முன்னால் எத்தனை பேருக்கு என்று கேட்கிறீர்கள். நேராகவே சொல்கிறேன். பதினோரு வருஷத்தில் ஒரு மனிதருக்குக்கூட நான் ஊசி போட்டதில்லை. ஐந்து வருஷத்துக்கு முன் காலரா வந்தபோது கீழவைப்பாரில் மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு பேரை வரிசையில் நிறுத்தி முடித்தேன். சாயங்காலம் நகம் தேய்ந்தே போயிற்று. ஒருவர் முகம் சுளிக்கவில்லை, ஊரே வாழ்த்தி இளநீர் கொடுத்து அனுப்பியது. மருந்து கடற்கரை மணலில் போயிற்று. அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவர்களில் ஏழு பேர் காலராவில் போய்விட்டார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களும் சில சமயம் சாவது உண்டு என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த ஏழு பேரும் வலியில்லாமல் ஊசி போட்டுக்கொண்டார்கள். அந்த ஆறுதல் எனக்கு உண்டு.

எனக்குப் பயம் என்று எழுதாதீர்கள். டாக்டரும் அப்படித்தான் சொல்கிறார், பாஸ்கலும் சொல்கிறார். முள்ளை மிதித்தால்கூட நான் பார்ப்பதில்லை என்பதும், சட்டைக்குப் பொத்தான் தைக்கும்போது என் மனைவி அடுத்த அறைக்குப் போய்த் தைக்கிறாள் என்பதும் வேறு விஷயம். பயந்தவர்கள் அவர்கள். நான் இரக்கப்பட்டேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டேன். எழுதியதை வாசித்துக் காட்ட வேண்டாம், உங்கள்மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. கையெழுத்துத்தானே, போடுகிறேன். என் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்று முன்னமே சொன்னேன். பேனாவை அப்படி நீட்ட வேண்டாம், ஐயா, முனை என் பக்கம் இருக்கிறது. புதுசு போல, நல்ல கூர். மைப் பெட்டி இருந்தால் அதைக் கொடுங்கள். நான் படித்தவன்தான், இருந்தாலும் இடது பெருவிரல் ரேகையையே வைத்துவிடுகிறேன். தரை குளுமையாக இருக்கிறது. கீழே இருந்தபடியே வைக்கிறேன்.